தாவூதின் இரண்டாவது அறிவிப்பு

எங்கள் மலையூர் ஐன் ஹஜலில் யாராவது இறந்தால் முதலில் தேவாலய மணிக்குத் தெரியும், அடுத்தபடியாக எனக்குத் தெரியும். பாதிரியார் அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் நான் கணினியைத் திறந்திருப்பேன். முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரின் மரண அறிவிப்புகளை அச்சடிப்பவள் நான்தான். பெயர் வதாத். ஊர் என்னை உம் ஃபரீத் என்று கூப்பிடும், ஃபரீதின் அம்மா என்று. அந்த ஃபரீத் மொன்ட்ரியாலில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான். அச்சகம் என் கணவருடையது. அவருடைய அறிவிப்பையும் நானே அடித்தேன், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.

கல்யாணப் பத்திரிகையில் பிழை வந்தால் மாப்பிள்ளை வீட்டார் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் பணத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். மரண அறிவிப்பு அப்படிப்பட்டதல்ல. இறந்தவர் பெயருக்குக் கீழே மகன்கள், அவர்கள் மனைவிமார், பிறகு மகள்கள், அவர்கள் கணவன்மார், பிறகு கூடப் பிறந்தவர்கள், கடைசியில் சம்பந்தி வீடுகள் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். ஊர்ச் சுவர்களில் ஒட்டும் அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் தேவாலய மண்டபத்தில் அதே வரிசையில் நின்று, துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கை கொடுப்பார்கள். பெயர் இல்லாதவர்கள் வெளியிலிருந்து வந்து, கை கொடுத்து, சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு கொழுந்தியாள் பெயரை இரண்டு இடம் கீழே இறக்கியதற்காக எட்டு வருஷம் பேசாமல் இருக்கும் இரண்டு வீடுகள் எங்கள் மேட்டுத் தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. அந்த இறக்கம் என் வேலை இல்லை, அவர்களே எழுதிக் கொடுத்தது.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வீட்டார் எழுதிக் கொடுக்கும் சீட்டை அச்சுக்கு முன் அவர்கள் எதிரிலேயே சத்தமாகப் படிப்பேன். அவர்கள் தலையாட்டிய பிறகே அடிப்பேன். அடித்த அறிவிப்பில் ஒன்றை எடுத்து, அந்தச் சீட்டை அதன்மேல் வைத்துப் பின் அடித்து அலமாரியில் போட்டுவிடுவேன். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் கையெழுத்தைக் காட்டலாமே. இத்தனை வருஷத்தில் என் அச்சகத்தில் ஒரு பெயர்கூட விடுபட்டதில்லை என்று நான் அலட்டிக்கொள்ளாத வீடு இந்த ஊரில் கிடையாது.

நாங்கள் ரயீஸ் என்று கூப்பிடும் நகரத் தலைவர் சுஹைலுக்கு அந்த அலமாரிமேல் கண் விழுந்தது இந்த அக்டோபரில். நகராட்சிக்குத் தொண்ணூறு வயது ஆகிறதாம், ஊர் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப்போகிறாராம். நூறு வரைக்கும் ஏன் பொறுக்கவில்லை என்றால், அடுத்த வருஷம் தேர்தல்.

"உம் ஃபரீத், ஊரோட வரலாறே உன் அலமாரியிலதான் இருக்கு," என்றார் வாசலில் நின்றபடி. உள்ளே வந்தால் காகிதத் தூசியில் தும்முவார்.

"வரலாறு இல்ல ரயீஸ், செத்தவங்க பட்டியல்."

"ரெண்டும் ஒண்ணுதான். முக்கியமா அந்த தாவூது ஷல்ஹூப் சீட்டு வேணும். தன் சாவுக்குத் தானே எழுதி வெச்சாரே, அது. சீட்டை ஒரு பக்கம், அறிவிப்பை ஒரு பக்கம், நடுவுல உன் பேரு. கண்ணாடிப் பெட்டியில வெச்சா ஜனங்க அதைத்தான் பாப்பாங்க."

என் பெயர் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். சரி என்று சொல்லிவிட்டேன்.

தாவூது கதை தெரியாதவர்கள் ஊரில் இல்லை, ஏனென்றால் அதைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியவளே நான்தான். தாவூது ஷல்ஹூபுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் நுஹாத், அடுத்து நக்லே, கடைசியாக ஆஸ்திரேலியாவில் இருக்கும் தன்னூஸ். நுஹாத் முப்பத்தாறு வயது வரை வேண்டாம் வேண்டாம் என்றிருந்துவிட்டு, கடற்கரைப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு வேன் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். ஜிர்ஜி என்று பெயர், மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். 'என் பெண் அடுத்தவள் பிள்ளைக்கு மூக்குச் சிந்தப் போகிறாளா' என்று தாவூது கத்தியது ஊர் எல்லையில் இருக்கும் மாதா சிலை வரைக்கும் கேட்டது. அந்தக் கோபத்தோடு அவர் தன் மரண அறிவிப்பைத் தானே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் கொடுத்தார். 'நான் போன அன்னைக்குத் திற' என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் போனார். நக்லே வந்து நின்றான். உறையை அவன் எதிரில் பிரித்தேன். மகன்கள் பெயர் இருந்தது, மருமகள்கள் இருந்தார்கள், சகோதரர்கள் இருந்தார்கள். மகள் பெயர் இல்லை. நக்லேயின் முகம் வெளுத்துவிட்டது. 'அப்பா எழுதினபடியே போகட்டும்' என்றான். அன்று மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை. செத்தவரே தன் கையால் எழுதியிருக்கும்போது யாரைக் கேட்டுச் சரிபார்ப்பது? பதினோரு மணிக்கு மின்சாரம் போய்விடும் என்ற அவசரம் வேறு. அடித்தேன், ஒட்டினேன்.

நுஹாத் கீழேயிருந்து கறுப்பு உடையில் வந்தாள். தேவாலயச் சுவர் முன்னால் நின்று படித்தாள். மண்டபத்துக்குள் நுழையாமல் அப்படியே திரும்பிப் போனாள். போனவள் போனவள்தான், பதினேழு வருஷமாக ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் இந்தக் கதையைக் கிறிஸ்துமஸ் விருந்துகளில் சொல்வேன், முடி வெட்டும் கடையில் சொல்வேன். 'என் ரெண்டு கண்ணால பாத்தேன், பெத்த பொண்ணைப் பேனாவாலேயே வெட்டிட்டாரு மனுஷன்' என்று முடிப்பேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்ததும் அந்தச் சீட்டை எடுத்தேன். இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதால் கத்தி முனையால் பின்னைக் கழற்றினேன். தாள் கை நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கத்தில் எழுத்து இருந்தது.

'என் மகள் நுஹாத். அவள் கணவர் ஜிர்ஜி. மகன்களுக்கு முன்னால் போடவும், அவள்தான் மூத்தவள்.'

இரண்டே வரி. தாவூதின் கையெழுத்து, ஆனால் என் நீல மை. அப்போது ஞாபகம் வந்தது. இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் கடைக்கு வந்து உறையைத் திரும்பக் கேட்டார். 'ஒண்ணு சேக்கணும்' என்றார். என் பேனாவையே வாங்கி எழுதி, புது உறை கேட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாகப் பேரன் பிறந்திருந்தான், அவன் பெயராக இருக்கும் என்று நினைத்தேன், பிறகு மறந்தும்போனேன். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அன்று அதைப் பேனா இழுத்த கோடு என்று எண்ணியிருக்க வேண்டும்.

எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினேன், ஏதோ திருடியவளைப் போல. டீசல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஒரு தடவை அல்ல. யாருக்குத் தெரியப் போகிறது? ரயீஸிடம் எலி தின்றுவிட்டது என்று சொன்னால் முடிந்தது. நுஹாத் கீழே நன்றாகத்தான் இருக்கிறாள், ஊரும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமையும் அப்படியே போனது. அன்று மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. இரவெல்லாம் அந்தச் சின்ன அம்புக்குறி என் கண்ணைக் குத்தியது. வியாழக்கிழமை காலை தாளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஷல்ஹூப் வீட்டுக்கு நடந்தேன்.

தாவூதின் மனைவி ருஜீனாவுக்கு எண்பது வயது. ஊர் அவளை உம் நக்லே என்று கூப்பிடும். முற்றத்தில் உட்கார்ந்து கல்லால் பச்சை ஆலிவ் காய்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஊறுகாய்க்கு உடைத்துக்கொண்டிருந்தாள். நக்லே பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிமெண்ட் வியாபாரம், கீழ் வீதியில் கடை.

"உம் நக்லே, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றேன், உட்காராமலே.

"என்னடி, மறுபடியும் யார் பத்திரிகையிலயாவது மாப்பிள்ளையை மாத்திட்டியா?"

"மாத்தினதே இல்ல, யாரோ சும்மா சொல்றாங்க." அந்த நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை. பிறகு சொன்னேன். "உங்க வீட்டுக்காரரு அபூ நக்லே தன்னோட சீட்டுல நுஹாத் பேரை எழுதியிருந்தாரு. பின்பக்கத்துல. நான் திருப்பிப் பாக்கல."

நக்லே காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். ஆனால் உம் நக்லே அசையவே இல்லை. இன்னொரு காயை எடுத்துத் தட்டினாள்.

"எழுதினாருன்னு எனக்குத் தெரியுமே. அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் சொன்னாரு. 'உன் பொண்ணு பேரைச் சேத்துட்டேன், இனிமேலாவது தூங்க விடு'ன்னாரு. நான்தான் ரெண்டு வருஷமா அவரை அரிச்சுக்கிட்டே இருந்தேன்."

நான் பையிலிருந்து சீட்டை எடுத்தேன்.

"அதனாலதான் எனக்கு ஆறவே இல்ல," என்றாள் அவள். "அப்பன் கைப்பட எழுதியிருக்கான். சுவத்துல தன் பேரைப் படிச்சுட்டும், உள்ள வந்து அவரு நெத்தியில ஒரு முத்தம் குடுக்காம திரும்பிப் போனா பாரு. அவ்வளவு நெஞ்சழுத்தம் அவளுக்கு. பிணத்துக்கிட்ட என்னடி கோவம்?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் நக்லேயைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அம்மா மனம் உடைந்துபோகும் என்று பயந்து, சுவரில் அக்காள் பெயர் இல்லாததை அவனும் தம்பியும் அவளிடம் சொல்லவே இல்லை. ஊரும் அவள் எதிரில் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் ஊர் வாயைக் கட்டியது, அதுவும் தப்பான விஷயத்தில்.

"உம் நக்லே," என்றேன். "சுவத்துல அவ பேர் இல்ல. நான் போடல."

கல் கையில் அப்படியே நின்றது.

"இல்லையா?"

"இல்ல."

"டேய் நக்லே, இல்லையாடா?"

"இல்லம்மா," என்றான் அவன். "அப்பாதான் எடுத்துட்டாருன்னு நாங்க நெனச்சோம்."

அவள் கல்லைக் கீழே வைத்தாள். உடையின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும். "ஈஸ்டருக்குப் பேரீச்சம்பழம் வெச்ச பலகாரம் அனுப்பினா," என்றாள். "ஊருக்கு வர்ற வேன்காரன்கிட்ட. மூணு வருஷம், மூணு பெட்டி. மூணையும் நூலைக்கூட அவுக்காம திருப்பி அனுப்பிட்டேன். நாலாவது வருஷம் வரல."

நக்லேக்கு வேறு யார்மேல் பாய்வது என்று தெரியவில்லை, என்மேல் பாய்ந்தான். "ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு அச்சாபீஸ்காரிக்குத் தெரியாதா?"

"நீயும்தானே கூட நின்ன? நீ திருப்பினியா?"

"தாள் உன் கையில இருந்துச்சு!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் உம் நக்லே. "என்ன எழுதியிருக்காருன்னு படி."

படித்தேன். 'மகன்களுக்கு முன்னால் போடவும்' என்ற இடத்தில் நக்லே தலையை நிமிர்த்தினான்.

"பேரைப் போடு, தப்பில்ல," என்றான். "ஆனா எங்களுக்கு மேலயா? இந்த ஊர்ல எந்த வீட்டுலயாவது அப்படி இருக்கா?"

"அவ பொறந்தப்போ நீ எங்கடா இருந்த?" என்றாள் அம்மா. அவள் என் பக்கம் திரும்பினாள். "போய் அடி. அன்னைக்கு எங்கெங்க ஒட்டினியோ அங்கெல்லாம் ஒட்டு."

"மேல 'திருத்தம்'னு போடவா?"

"செத்தவருக்கு என்னடி திருத்தம்? அன்னைக்கு எப்படி இருந்திருக்கணுமோ அப்படியே அடி."

அப்படியே அடித்தேன். பழைய அறிவிப்பை எதிரில் வைத்துக்கொண்டு, நுஹாத்தையும் ஜிர்ஜியையும் எல்லாருக்கும் மேலே ஏற்றி, மற்றதை எழுத்து மாறாமல் அடித்தேன். இந்த முறை காலியான கடையில் எனக்கு நானே சத்தமாகப் படித்துப் பார்த்தேன், இரண்டு தடவை. எங்கள் அறிவிப்புகளில் கிழமை இருக்கும், வருஷம் இருக்காது. போன வருஷம் செத்தவருக்கு யார் இந்த வருஷம் ஒட்டப்போகிறார்கள்? ஆக, 'தாவூது ஷல்ஹூப் நேற்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அறுபது தாள்கள் வெள்ளிக்கிழமை காலையில் ஊர்ச் சுவர்களில் ஏறின. அடியில் வழக்கமான வரியும் இருந்தது. 'சனி, ஞாயிறு மாலை மூன்று முதல் ஆறு வரை தேவாலய மண்டபத்தில் துக்கம் விசாரிக்கலாம்.'

அந்த வரியைப் பற்றி எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் அடிக்கும் வரி, கை தானாக அடித்துவிட்டது.

ஒட்டி முடித்ததும் கீழே போகும் வேனில் ஏறினேன். நுஹாத் கடற்கரை ஊரில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்தாள், முகத்தில் இரத்தமே இல்லை. நான் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"யாரு? அம்மாவா?"

"இல்லம்மா, இல்ல. அம்மா நல்லா இருக்காங்க. ஆலிவ் உடைச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்போ யாரு?"

"உங்க அப்பா."

"எங்க அப்பா செத்துப் பதினேழு வருஷம் ஆச்சு, உம் ஃபரீத். உங்களுக்கு என்ன ஆச்சு?"

பேசினால் குழப்பிவிடுவேன் என்று தெரிந்தது. சீட்டை எடுத்துப் பின்பக்கம் தெரியும்படி மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் புது அறிவிப்பை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன், அம்மாவுக்கு எதுவும் தெரியாமல் இருந்ததையும் சொன்னேன். அவள் அறிவிப்பைத் தொடவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு தாயும் மகளும் பாவாடை அளவு கொடுக்க வந்து நின்றார்கள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அன்னைக்கு நான் சண்டை போடவா வந்தேன்?" என்றாள் கடைசியில். "அப்பா என்னை மன்னிக்கலேன்னாலும் பரவாயில்லன்னுதான் வந்தேன். சுவத்தைப் பாத்ததும் எங்க நிக்கிறதுன்னு தெரியல. தம்பிங்க பக்கத்துல நிக்க முடியாது. அப்போ என்ன, பெத்த அப்பன் சாவுக்கு நான் கையைக் குடுத்துட்டு, காபியைக் குடிச்சுட்டு, கிளம்புற ஆளா? அதனாலதான் திரும்பினேன்."

"தப்பு என்னுதும்மா."

"ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொன்னதும் நீங்கதானே. இங்க வரைக்கும் வந்துச்சு."

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. "வருவியா?" என்று கேட்டேன்.

"போங்க, உம் ஃபரீத்," என்று சொல்லிவிட்டு அவள் இயந்திரத்தில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். சீட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

நான் ஊர் திரும்புவதற்குள் என் தொலைபேசி சூடேறிப் போயிருந்தது. 'தாவூது மறுபடியும் செத்துட்டாரா?' என்று ஒருத்தி. 'மணி அடிக்கலையே, எப்படிச் செத்தாரு?' என்று ரொட்டிக்கடைக்காரர். வேறு தாவூது ஷல்ஹூப் யாராவது இருக்கிறாரா என்று பாதிரியாரே ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாராம். ஆனால் சுவரின் முன்னால் நின்றவர்கள் மேலே இருக்கும் பெயரைப் பார்த்தார்கள். சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. இந்த முறை கதையை நான் சொல்லவில்லை. ரயீஸ் மட்டும் வந்து, சீட்டு எங்கே, கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறதே என்று குதித்தார். காலியாகவே வையுங்கள் என்றேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நக்லே மூச்சிரைக்க ஓடி வந்தான். "உம் ஃபரீத், மண்டபத்து வாசல்ல ஜனம் நிக்குது! கறுப்பு உடுத்திக்கிட்டு வந்திருக்காங்க! அந்தக் கடைசி வரியை ஏன் எடுக்கல?"

எங்கள் ஊரில் அறிவிப்பில் சனி, ஞாயிறு என்று போட்டிருந்தால் சனி, ஞாயிறு போக வேண்டும். எந்த வருஷம் செத்தார் என்பது வருகிறவர்களின் கவலை இல்லை. நான் ஓடினேன். நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. உம் நக்லே ஏற்கெனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்தவங்களை வாசல்ல நிக்க வெச்சுட்டு என்னடா பேச்சு?" என்றாள் மகனிடம். "காபி போடச் சொல்லு. நீ போய் வரிசையில நில்லு."

நக்லே போய் முதல் இடத்தில் நின்றான்.

"அங்க இல்ல. அது அவ இடம்."

அவன் ஓர் எட்டுத் தள்ளி நின்றான். வந்தவர்கள் காலியாக இருந்த அந்த இடத்துக்கு முன்னால் ஒரு கணம் தயங்கி, பிறகு நக்லேக்குக் கை கொடுத்தார்கள். 'அவரு விட்டுப்போன ஆயுசு உங்களுக்கு வரட்டும்' என்று பதினேழு வருஷம் கழித்து இன்னொரு தடவை சொன்னார்கள். ஆறு மணி வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. உம் நக்லே எழுந்து வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கண்காட்சித் திறப்பு. ரயீஸ் ரிப்பனை வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கைதட்ட ஆள் இல்லை, எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். இவ்வளவு கைகள் ஓர் இடத்தில் கூடியிருக்கும்போது அவரால் தள்ளி இருக்க முடியுமா? அவரும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து மணி ஆனது. ஐந்தரை ஆனது. சிலர் கிளம்பத் தொடங்கினார்கள். போகாதீர்கள் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்ச வேண்டும்போல எனக்கு இருந்தது.

அப்போது வெளியே வேன் நிற்கும் சத்தம் கேட்டது. ஜிர்ஜி இறங்கினார், பிறகு நுஹாத். அவள் நேராகச் சுவருக்குப் போனாள். முழுவதையும் படித்தாள், அடிவரை. நாங்கள் ஜன்னல் வழியாக மூச்சுவிடாமல் பார்த்தோம். அவள் திரும்பினாள். ஆனால் இந்தத் தடவை அவள் வேன் பக்கம் போகவில்லை, படியேறி உள்ளே வந்தாள்.

உம் நக்லே எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நுஹாத் அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"அந்த மூணு பெட்டி..." என்றாள் அம்மா. "எனக்குத் தெரியலடி."

"எனக்கும் தெரியலம்மா."

அம்மா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, யாருமே கடிகாரம் பார்க்கவில்லை. பிறகு அவள் மகளின் தோளைத் தட்டினாள். "எழுந்திரு. ஜனம் காத்துக்கிட்டு இருக்கு. போய் உன் இடத்துல நில்லு."

நுஹாத் போய் முதலில் நின்றாள், அவள் பின்னால் ஜிர்ஜி. நக்லே அவளைப் பார்க்காமலே, அவள் கோட்டுக் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டான். முந்தின நாள் கை கொடுத்தவர்கள், அரைமணி முன்னால் கொடுத்தவர்கள், எல்லாரும் மறுபடியும் வாசலுக்குப் போய் வரிசையாக வந்தார்கள். ரயீஸ்கூட இரண்டாவது தடவை வந்தார்.

நான் எல்லாருக்கும் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் கையைக் கொடுத்தாள். கொடுத்த கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா அதை எழுதினப்போ பக்கத்துல இருந்தது நீங்க மட்டும்தான்," என்றாள் மெதுவாக. "எப்படி இருந்தாரு? ஏதாவது சொன்னாரா?"

அவர் அழுதார், உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார் என்று ஒரு கதை அளந்துவிட்டிருக்கலாம், அதில் நான் கெட்டிக்காரி. ஆனால் இனி இவளைப் பற்றி ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. யோசித்தேன். அவள் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

"ஒண்ணும் சொல்லல. நான் பத்திரிகை மடிச்சுக்கிட்டு இருந்தேன், சரியாப் பாக்கல. ஆனா ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. நான் போட்டுக் குடுத்த காபி ஆறிப்போச்சு. முக்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குறாரேன்னு எனக்கு எரிச்சலாக்கூட இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணிக்கு மேல இருக்கும்."

"அந்த ரெண்டு வரிக்கா?"

"ஆமாம்மா. அந்த ரெண்டு வரிக்குத்தான்."

அப்போதுதான் அவள் அழுதாள். என் கையை விடவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை, நானும் அங்கேயே நின்று அவளோடு அழுதேன்.